இரண்டு மில்லிலீற்றர்

என் பாமசி மேசையில் ஒரு சிறிய வேப் கிடக்கிறது. நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம், இரண்டு விரல் அகலம். உடலின் மேல் காந்தத்தால் ஒட்டி நிற்கும் புகைநிறப் பிளாஸ்ரிக் பொட். அதன் பக்கத்தில் ஒரு சிலிக்கன் மூடி. நகத்தால் கிளப்பினால் திரவம் விடும் துளை தெரியும். உள்ளே 2 மில்லிலீற்றர் கொள்ளும். கொயில் 0.8 ஓம், பற்றரி 1000 மில்லியாம்பியர் மணி. பொத்தான் ஒன்றும் இல்லை. வாயில் வைத்து இழுத்தால் தானாகச் சூடாகிறது. கைத்தொலைபேசிக்குப் பாவிக்கிற அதே வயரில் சார்ஜ் ஏற்றலாம்.

லண்டனில் சிகரெட்டை விட நினைக்கிற எங்கள் ஆட்கள் பலர் வைத்தியரிடம் போவதற்கு முன் பாமசிக்குத்தான் வருகிறார்கள். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிறவர், பதினேழு வயதிலிருந்து பத்துகிறவர், நெஞ்சு வலி வந்து பயந்துபோனவர். 2023-இல் இங்கிலாந்து அரசாங்கம் பத்து இலட்சம் புகைப்பவர்களுக்கு வேப் கொடுத்துச் சிகரெட்டிலிருந்து மாற்றப்போவதாக அறிவித்த பிறகு, "அண்ணை, எதை வாங்கலாம்?" என்ற கேள்வி கூடிவிட்டது. அதனால் கடைக்கு வருகிற ஒவ்வொரு புதுக் கருவியையும் நிரப்பி, சரித்து வைத்து, ஒழுகுகிறதா என்று பார்த்து, பொட்டைப் பிரித்துப் பஞ்சையும் கம்பியையும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். இந்தக் கருவியின் ஒவ்வோர் அளவுக்கும் பின்னால் ஒரு வழக்கோ, ஒரு நோயோ, ஒரு பிடிவாதமான மனிதரோ இருக்கிறார். அந்தக் கதை தெரியாமல் இதை நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

கதையின் வேர் கருவியில் இல்லை, ஒரு கண்டுபிடிப்பில் இருக்கிறது. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையோடு சேர்ந்த மனநல ஆய்வகத்தில் வேலை செய்த மைக்கேல் ரஸல் 1976-இல் எழுதினார்: மனிதர்கள் புகைப்பது நிக்கொட்டினுக்காக, சாவதோ தாரினால். இலை எரியும்போது வருகிற தாரும் காபன் மொனொக்சைட்டும்தான் நுரையீரலையும் இதயத்தையும் அழிக்கின்றன, அடிமைப்படுத்துவது நிக்கொட்டின். இரண்டையும் பிரிக்க முடிந்தால்?

பிரிக்கும் வேலை அதற்கு முன்பே சுவீடனில் தொடங்கிவிட்டது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் சிகரெட் பத்த முடியாத மாலுமிகள் வாய்க்குள் புகையிலை அடக்கிச் சமாளித்ததை லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிளாஸ் லுண்ட்கிரென் கவனித்தார். ஹெல்சிங்போரியில் லியோ என்ற மருந்துக் கம்பனியில் இருந்த ஊவே ஃபெர்னோவுக்கு அதைச் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் நிக்கொட்டின் சுவிங்கம். 1978-இல் சுவிற்சர்லாந்திலும் 1984-இல் அமெரிக்காவிலும் மருந்தாக ஏற்கப்பட்டது. இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. அருமையான மருந்து, ஆனால் மெதுவானது. கன்னத்தின் உட்தோல் வழியாக நிக்கொட்டின் சிறுகச் சிறுக ஏறுகிறது. சிகரெட்டை இழுத்தால் சில வினாடிகளில் மூளைக்குப் போய்விடும். பத்துகிறவர் தேடுவது அந்த வேகத்தை. கூடவே கைக்கும் வாய்க்கும் ஒரு வேலையை. சுவிங்கம் வாங்கிப் போனவர் ஒரு மாதத்தில் சிகரெட் மணத்தோடு திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த வேறுபாடு விளங்கியது.

கருவியால் அதைச் செய்ய முயன்றவர்கள் முன்பே இருந்தார்கள். பென்சில்வேனியாவின் பீவர் ஃபோல்ஸ் ஊரில் குடும்பத்தின் பழைய இரும்பு வியாபாரத்தில் இருந்த ஹேர்பேட் கில்பேட், புகையில்லாத, புகையிலையே இல்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963-இல் விண்ணப்பித்து 1965-இல் காப்புரிமை பெற்றார். பற்றரியால் சூடாகும் ஈரக்காற்று, அதில் சுவை, நிக்கொட்டின் கிடையாது. ஒரு கம்பனியும் அதைச் செய்து விற்கவில்லை. எண்பதுகளில் ரெக்சஸ் மாநிலத்தில் கணினித் துறை முன்னோடி பில் ரே, வைத்தியர் நோமன் ஜேக்கப்சனோடு சேர்ந்து, சூடே இல்லாமல் நிக்கொட்டினை உறிஞ்சும் குழாய் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அது அனுமதி பெறாத மருந்து என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 1987-இல் நிறுத்தியது. அடுத்த வருடம் ஆர்.ஜே. ரெனோல்ட்ஸ் கரித்துண்டால் சூடாகும் 'பிரிமியர்' சிகரெட்டை இறக்கியது. வாங்கியவர்களுக்கு அதன் சுவை பிடிக்கவில்லை; 1989-இல் எடுத்துவிட்டார்கள்.

பிறகு ஹொன் லிக். சீனாவின் ஷென்யாங் நகரத்து மருந்தாளர், 1951-இல் பிறந்தவர், பாரம்பரிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தவர். எனக்கும் அவருக்கும் ஒரே தொழில் என்பதால் அவர்மேல் தனிப் பற்று உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பெட்டி சிகரெட் பத்துவார். அவருடைய தந்தையும் கடுமையாகப் புகைத்தவர், நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். ஹொன் லிக் தோளில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டையைப் போட்டுப் பார்த்தார். அது நாள் முழுவதும் ஒரே அளவில் நிக்கொட்டினைக் கசியவிடுகிறதே தவிர, சிகரெட்டின் அந்த ஏற்றம் அதில் இல்லை. கழற்ற மறந்து படுத்தால் இரவெல்லாம் கெட்ட கனவு. பட்டை பாவிக்கிறவர்களிடம் நானும் தினம் கேட்கிற முறைப்பாடுதான் இது. அந்தக் குறையிலிருந்தே அவர் 2003-இல் தன் கருவியைச் செய்தார்: நிக்கொட்டின் கரைத்த புரொப்பிலீன் கிளைக்கோலை மீயொலி அதிர்வால் துளிகளாக உடைத்து உள்ளிழுக்கும் குழாய். அடுத்த வருடம் 'ருயான்' என்ற பெயரில் சீனாவில் விற்பனைக்கு வந்தது. அதன் காப்புரிமைகளை 2013-இல் இம்பீரியல் புகையிலைக் கம்பனி 75 மில்லியன் டொலருக்கு வாங்கியது. தான் சிகரெட்டை முற்றாக விட்டுவிடவில்லை என்று ஹொன் லிக் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னவர். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். கருவி ஒன்றை வாங்கினால் போதும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இதையும் சொல்கிறேன்.

புரொப்பிலீன் கிளைக்கோல் என்றதும் சிலர் பயப்படுகிறார்கள். மருந்துகளில் கரைப்பானாக நாங்கள் நீண்டகாலமாகப் பாவிக்கிற பொருள் அது. நாற்பதுகளில் சிக்காகோவில் ஒஸ்வல்ட் றொபேட்சன் மருத்துவமனை அறைகளின் காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல அதன் ஆவியைப் பரிசோதித்திருக்கிறார். அதற்காக, பல வருடம் சூடாக்கி உள்ளிழுத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல நான் தயாரில்லை. அத்தனை வருடம் பாவித்தவர்களின் கணக்கு உலகத்தில் இன்னும் சேரவில்லை.

ருயான் வகைக் கருவிகள் 2006, 2007-ஐ ஒட்டி ஐரோப்பாவுக்கு வந்தபோது அவை சிகரெட்டின் உருவத்திலேயே இருந்தன. நுனியில் சிவப்பு விளக்குக்கூட எரியும். பற்றரி சின்னது, ஆவி குறைவு, நிக்கொட்டின் இரத்தத்தில் அதிகம் ஏறவில்லை. ஆனால் வாங்கினவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: கருவியைத் திருத்தியவர்கள் பெரிய கம்பனிக்காரர் அல்ல, புகைத்தவர்கள். மீயொலி போய், சூடாகும் கம்பிச் சுருள் வந்தது. பிரிட்டனில் உமர், தாரிக் ஷேக் சகோதரர்கள் சுருளையும் திரவத்தையும் ஒரே குழாய்க்குள் அடைத்தார்கள். 2008-இல் ரெட், மற் றொஜர்ஸ் என்ற இருவர் கைவிளக்கு ஒன்றைப் பிரித்துப் பெரிய பற்றரி போட்ட கருவி ஒன்றைச் செய்தார்கள். அதன் பிறகு வீட்டு மேசைகளில் ஆட்கள் தாங்களே சுருள் சுற்றத் தொடங்கினார்கள். கம்பி, சுவீடன்காரர் அடுப்புகளுக்காக உருவாக்கிய காந்தல் என்ற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை. திரி முதலில் கண்ணாடி இழைக் கயிறு. பின்பு வெறும் பஞ்சு. நான் பிரித்துப் பார்க்கிற இந்தப் பொட்டுக்குள்ளும் அதே பஞ்சுதான். கம்பிச் சுருளின் இடத்தில் மெல்லிய உலோக வலை இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

அந்தக் காலத்துத் திரவத் தாங்கிகளில் ஒரு பெரிய நன்மை இருந்தது. திரவத்தின் பலத்தை ஆள் தானே தெரிந்தெடுக்கலாம். மில்லிலீற்றருக்கு 18 மில்லிகிராமில் தொடங்கி 12, 6, 3 என்று இறங்கி, நிக்கொட்டினே இல்லாத திரவத்துக்கு வந்து, ஒரு நாள் விட்டுவிட்டவர்களை நான் அறிவேன். கடிவாளம் புகைத்தவரின் கையில் இருந்தது. குறையும் இருந்தது: கருவி பெரிது, பாரம், குழப்பம். சாதாரண நிக்கொட்டின் காரத்தன்மை உள்ளது. பலத்தைக் கூட்டினால் தொண்டையை அரிக்கும். அதனால் குறைந்த பலத் திரவத்தை நிறைய இழுத்து, மேகம் மேகமாக விடவேண்டும். அறுபது வயது அம்மா ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டு "சிகரெட்டை விடுங்கோ" என்று எப்படிச் சொல்வது?

அந்தக் குறையைத் தீர்த்தது ஸ்ரான்போர்டில் தயாரிப்பு வடிவமைப்புப் படித்த அடம் போவன், ஜேம்ஸ் மொன்சீஸ் இருவரும் தொடங்கிய நிறுவனம். நிக்கொட்டினோடு பென்சொயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கினால் தொண்டை அரிப்பு போய்விடுகிறது. அதிக பலத்தையும் இதமாக இழுக்கலாம். 2015 ஜூனில் வந்த ஜூல், பென்ரைவ் அளவு கருவி. பொட்டில் 0.7 மில்லிலீற்றர் திரவம், எடையில் 5 சதவீத நிக்கொட்டின், அதாவது ஏறக்குறைய 40 மில்லிகிராம். புகைத்தவருக்குத் தேவையான வேகம் முதன்முதலாக உள்ளங்கைக்குள் வந்தது. இதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை: வேதியியலாகப் பார்த்தால் அது பெரிய முன்னேற்றம்.

ஆனால் விற்ற விதம்? நியூயோர்க் ரைம்ஸ் சதுக்கத்தில் இளம் முகங்களோடு விளம்பரம், மாம்பழச் சுவை. 2018-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவரில் 20.8 சதவீதமும், 2019-இல் 27.5 சதவீதமும் வேப் பாவிப்பதாக அரசாங்க ஆய்வு காட்டியது. அவர்களில் பலர் ஒரு சிகரெட்கூடத் தொடாத பிள்ளைகள். இளையோரிடையே இது கொள்ளைநோய் என்று அந்நாட்டுத் தலைமை வைத்தியர் 2018 டிசம்பரில் அறிவித்தார். அதே மாதம் மார்ல்பரோ விற்கும் அல்ற்ரியா, ஜூலில் 35 சதவீதத்தை 12.8 பில்லியன் டொலருக்கு வாங்கியது. பொட் மூடியது, நிரப்ப முடியாதது; பலத்தைக் குறைக்கும் உரிமை பாவிப்பவரின் கையிலிருந்து கம்பனியின் கைக்குப் போனது. புகைத்தவருக்காகச் செய்த கருவியைப் புகைக்காதவருக்கு விற்றதுதான் பாவம்.

2019 கோடையில் அமெரிக்காவில் நுரையீரல் காயத்தோடு இளைஞர்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பெப்ரவரிக்குள் 2,807 பேர் அனுமதிக்கப்பட்டோ இறந்தோ இருந்தார்கள், இறந்தவர் 68. முக்கிய காரணமாகத் தெரிந்தது கள்ளச் சந்தையில் கஞ்சா எண்ணெயில் கலந்த விற்றமின் ஈ அசற்றேற். கடையில் வாங்கும் நிக்கொட்டின் திரவம் அல்ல அது. இன்றும் "வேப் நுரையீரலைப் பொசுக்கும், சிகரெட் பரவாயில்லை" என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் அந்த வருடத்துச் செய்தியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். தெருவில் யாரோ விற்கும் பெயரில்லாத திரவத்தை ஒருபோதும் தொடாதீர்கள் என்பதே அதிலிருந்து நான் அவர்களுக்குச் சொல்வது.

இனி அந்த 2 மில்லிலீற்றர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுப் புகையிலை ஆணை 2016 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. தாங்கி 2 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது, மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டின் கூடாது, நிரப்பும் போத்தல் 10 மில்லிலீற்றர், மூடி பிள்ளைகள் திறக்க முடியாததாக இருக்கவேண்டும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் இதே விதிதான். பெருக்கிப் பார்த்தால் நிறைந்த பொட்டில் 40 மில்லிகிராம். அமெரிக்க ஜூல் பொட்டில் இருந்த அதே அளவு. வேறுபாடு ஒவ்வோர் இழுப்பிலும் இருக்கிறது. அங்கே 0.7 மில்லிலீற்றருக்குள் செறிந்திருந்தது, இங்கே மூன்று மடங்கு திரவத்தில் பரந்திருக்கிறது. அரசியல் சண்டையில் பிறந்த எண்ணாக இருந்தாலும், எங்கள் பிள்ளைகளுக்கு இது ஒரு வேலியாக இருந்தது என்று நம்புகிறேன். அந்த 10 மில்லிலீற்றர் போத்தலில் 200 மில்லிகிராம் வரை நிக்கொட்டின் இருக்கலாம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதை மருந்து போலப் பூட்டி வைக்கவேண்டும்.

ஜூலின் வடிவத்தையும் உப்பு நிக்கொட்டினையும் எடுத்து, பழைய தாங்கியின் திறந்த துளையைச் சேர்த்தவர்கள் சீனாவின் ஷென்சென்காரர்கள். உலகத்து வேப்களில் பெரும்பகுதி அந்த நகரத்தின் பாவோஆன் மாவட்டத்திலிருந்துதான் வருகிறது. கைத்தொலைபேசிகளுக்குப் பற்றரியும் சுற்றுப்பலகையும் வார்ப்புப் பிளாஸ்ரிக்கும் செய்த பட்டறைகள் பக்கத்திலேயே இருந்ததால், யோசனை ஒன்று விரைவில் பொருளாகிவிடும். சுவோரின் என்ற பெயரில் நிரப்பும் பொட்கள் 2017-ஐ ஒட்டிப் பரவின. யூவெல் கலிபேர்ன் போன்றவை அதைத் தொடர்ந்து வந்து, சிகரெட் போன்ற இறுக்கமான இழுப்பைச் சரியாகப் பிடித்தன. என் பார்வையில் அறுபது வருடத் தேடல் வந்து சேரவேண்டிய இடம் அதுதான்: சிறிது, வேகமானது, கடிவாளம் மறுபடி புகைத்தவரின் கையில்.

அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2021-க்குப் பிறகு இனிப்பு நிறங்களில் ஒருமுறை பாவித்து எறியும் வேப்கள் லண்டனின் ஒவ்வொரு மூலைக்கடையையும் நிறைத்தன. நான்கைந்து பவுண். 2023-இல் பிரிட்டனில் வாரத்துக்கு ஏறக்குறைய 50 இலட்சம் எறியப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றிலும் மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய லிதியம் பற்றரி. பள்ளிக்கூடச் சீருடையோடு வருகிற பிள்ளைகளின் பையில் அவற்றைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எங்கள் தமிழ்க் கடைக்காரர் சிலரும் வயது கேட்காமல் விற்றார்கள். இதை நாங்கள் எங்களுக்குள் பேசத்தான் வேண்டும். 2025 ஜூன் 1 முதல் அவற்றின் விற்பனை தடைசெய்யப்பட்டது. அதே உருவத்தில் ஒரு சார்ஜ் துளையும் மாற்றக்கூடிய நிரப்பிய பொட்டும் போட்டுச் சில கம்பனிகள் இறக்கிவிட்டன. சட்டப்படி சரி. ஆனால் திறந்து நிரப்பக்கூடியதா, கொயிலை மாற்றலாமா என்று நான் பார்ப்பது அதனால்தான்.

சுவை சேர்ப்பது ஒன்றும் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில்களில் புகையிலைக்குக் கோடா என்ற சுவைநீர் தெளிப்பார்கள்; ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு கைப்பக்குவம், அதை வெளியில் சொல்லமாட்டார்கள். தென்னிலங்கை ஊர்களில் எங்கள் ஆட்கள் நடத்திய சுருட்டுக்கடைகளின் பெயரே அந்த மணத்தில்தான் நின்றது. வளர்ந்தவர் ஒருவர் சிகரெட்டிலிருந்து விலக, புகையிலை அல்லாத சுவை உதவுவதை நான் கண்டிருக்கிறேன். சீனா தன் நாட்டுக்குள் 2022 ஒக்ரோபரிலிருந்து புகையிலைச் சுவையைத் தவிர மற்றெல்லாவற்றையும் தடைசெய்தது. ஏற்றுமதிக்கு அந்தத் தடை இல்லை. சுவையைக் கொல்வதை விட, குழந்தைப் பண்டம் போன்ற பெயரையும் நிறத்தையும் பெட்டியிலிருந்து எடுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

பயன் உண்டா என்பதற்கு என்னிடம் உள்ள நல்ல சான்று லண்டனில் பீற்றர் ஹாயெக் குழுவினர் 2019-இல் வெளியிட்ட பரிசோதனை. 886 பேர். நிரப்பும் வேப் கொடுத்தவர்களில் ஒரு வருடத்தின் பின் சிகரெட் இல்லாமல் இருந்தோர் 18 சதவீதம். பட்டை, சுவிங்கம் போன்றவை கொடுத்தவர்களில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரட்டிப்பு. அதே அறிக்கையின் மறுபக்கத்தையும் வாசிக்கவேண்டும்: சிகரெட்டை விட்ட வேப்காரரில் 80 சதவீதம் பேர் ஒரு வருடத்தின் பின்னும் வேப்பை விடவில்லை, மற்றக் குழுவில் தங்கள் மருந்தைத் தொடர்ந்தவர் 9 சதவீதம்தான். லண்டன் வைத்தியர் கல்லூரி 2016-இல், வேப்பின் நீண்டகாலத் தீங்கு புகையிலையின் 5 சதவீதத்தைத் தாண்டுவது சாத்தியக்குறைவு என்று சொன்னது. உலக சுகாதார நிறுவனம் அவ்வளவு நம்பிக்கையாகப் பேசுவதில்லை. நான் சிகரெட் பத்துகிறவரிடம் ஒன்று சொல்கிறேன், பத்தாதவரிடம் வேறொன்று சொல்கிறேன். இரண்டாமவருக்கு இந்தக் கருவி என் கடையில் கிடையாது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தியா 2019 செப்ரெம்பர் 18 முதல் இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், களஞ்சியம் எல்லாவற்றையும் தடைசெய்திருக்கிறது. இறக்குமதி, விற்பனை போன்றவற்றில் முதற் குற்றத்துக்கே ஒரு வருடம் வரை சிறையோ ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. சிங்கப்பூரில் 2018 பெப்ரவரி 1 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். சென்னைக்குக் கலியாண வீட்டுக்குப் போகிறவர் பட்டையும் சுவிங்கமும் கொண்டு போகட்டும்.

மேசையில் கிடக்கும் கருவிக்கு வருவோம். ஒரு பகல் முழுக்கச் சரித்து வைத்தும் கடதாசியில் ஈரம் இல்லை. காற்றுத் துளையைப் பக்கத்துச் சில்லால் இறுக்கலாம். சிகரெட் இழுப்புக்குக் கிட்ட வருகிறது. ஒரு நாள் வேலைக்குப் பற்றரி போதும் என்று பாவித்துப் பார்த்த இரண்டு வாடிக்கையாளர் சொன்னார்கள். பொட் நிறமாக இருப்பதால் திரவ மட்டம் இருட்டில் தெரியவில்லை. வற்றிய பஞ்சு கருகினால் வருகிற அந்தக் கைப்பு ஒருவரை நேரே சிகரெட்டுக்குத் திருப்பிவிடும், ஆகவே இது சிறிய குறை அல்ல. முதல் தடவை நிரப்பியதும் பத்து நிமிடம் பொறுத்து இழுக்கச் சொல்லிக் கொடுப்பேன். நாளொன்றுக்கு ஒரு பெட்டி பத்துகிறவருக்கு 20 மில்லிகிராம் உப்புத் திரவம், சில மாதத்தில் 10. 2026 ஒக்ரோபர் 1 முதல் 10 மில்லிலீற்றர் போத்தலுக்கு 2.20 பவுண் வரி என்று விதித்திருக்கிறார்கள், நிக்கொட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வரி. 20-இலிருந்து 10-க்கும் பிறகு சைபருக்கும் இறங்குகிறவருக்கு அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரே விலையைக் கட்டச்சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பலத்துக்கு ஏற்ற வரி வேண்டும் என்று எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன்.